பயிர்க் காப்புறுதியும் கமக்காரர் காக்க வேண்டிய விழிப்பும்

வன்னிப் பெருநிலத்தில் காலபோக நெற்செய்கை ஐப்பசி மழையை நம்பித் தொடங்கப்படுகின்றது. விதைநெல், உழவுக்கூலி, பசளை, களைநாசினி ஆகியவற்றுக்கெனக் கமக்காரன் செலவிடும் பணம் அரிவு வெட்டி முடியும்வரை வயலிலேயே கிடக்கின்றது. அப்பணத்தில் ஒரு பகுதி கடன். மற்றொரு பகுதி, பல வீடுகளில், அடகு வைத்த நகையாகும். 2018 ஆம் ஆண்டு டிசெம்பர் 21, 22 ஆம் திகதிகளிற் பெய்த பெருமழையின்போது இரணைமடுக் குளத்தின் வான் கதவுகள் திறக்கப்பட்டன. கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் வெள்ளம் பெருகிற்று. வளர்ந்து நின்ற பயிரும் மனைகளும் நீரில் மூழ்கின. ஒரே இரவில் ஒரு போகத்தின் முதல் முழுவதும் அழியலாம் என்பதை அவ்வெள்ளம் எல்லோர்க்கும் உணர்த்தியது.

இவ்வாறான இழப்பை ஓரளவேனும் ஈடு செய்வதற்கு ஏற்பட்டதே பயிர்க் காப்புறுதி. ஆயினும், நன்மைக்கென ஏற்பட்ட எந்த ஒழுங்கையும் தம் பிழைப்புக்குப் பயன்படுத்துவோர் உளர். பயிருக்குப் பூச்சி காவல் செய்வதுபோலவே, காப்புறுதிக்கென அளிக்கும் பணத்துக்கும் காவல் வேண்டும்.

காப்புறுதி எவ்வாறு இயங்குகின்றது?

ஒரு கிராமத்தில் 100 கமக்காரர் ஆளுக்கு ஓர் ஏக்கர் செய்கின்றனர் என்று வைத்துக்கொள்வோம். சராசரியாகப் போகத்துக்கு 5 பேரின் பயிர் அழிகின்றது என்றும், அழிந்த ஏக்கருக்கு ரூபா 40,000 கொடுக்கப்பட வேண்டும் என்றும் கொள்வோம். மொத்தத் தேவை ரூபா 200,000. இதனை 100 பேரும் பகிர்ந்தால் ஆளுக்கு ரூபா 2,000 வரும். இப்பங்கே கட்டுப்பணம் எனப்படும். பலர் சிறுதொகை கொடுத்து, இழந்த சிலரைத் தாங்குவதே காப்புறுதியின் அடிப்படை.

இனி, பயிர் அழியாத 5 பேர் அழிந்ததாகப் பொய் கூறிப் பணம் பெற்றால் தேவை ரூபா 400,000 ஆகின்றது. ஒவ்வொருவரின் பங்கும் இரட்டிக்கின்றது. அல்லது, சேர்ந்த பணம் போதாமல், உண்மையாக இழந்தவர் பாதித் தொகையே பெறுகின்றார். பணத்தைத் திரட்டியவர் அதனை நிதியிற் சேர்க்காது கையாடினாலோ எவருக்கும் ஒன்றும் கிடையாது. ஆகையால் காப்புறுதி மோசடி எவ்வழியில் நடந்தாலும், இறுதியில் அதன் சுமையைத் தாங்குபவன் நேர்மையான கமக்காரனே.

இலங்கையில் பயிர்க் காப்புறுதி

நெற்பயிருக்கான காப்புறுதி இலங்கையில் 1958 ஆம் ஆண்டு பரீட்சார்த்தமாகத் தொடங்கப்பட்டது. 1961 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்கப் பயிர்க் காப்புறுதிச் சட்டம் அதற்கு உறுதியான அடிப்படையை அளித்தது. 1973 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ்க் கமத்தொழிற் காப்புறுதிச் சபை நிறுவப்பெற்றது. பின்னர் 1999 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டத்தினால் அது கமத்தொழில், கமநலக் காப்புறுதிச் சபை ஆயிற்று. பயிர்க் காப்புறுதியேயன்றி, 1987 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் ஏற்பட்ட கமக்காரர் ஓய்வூதியத் திட்டமும் இச்சபையின் பொறுப்பிலுள்ளது.

2024 ஆம் ஆண்டு நவம்பர் மாத வெள்ளத்தின் பின்னர், நெல், சோளம், உருளைக்கிழங்கு, சோயா, மிளகாய், பெரிய வெங்காயம் ஆகிய 6 பயிர்களுக்கு ஏக்கருக்கு ரூபா 40,000 வரை நட்டஈடு வழங்கப்படும் என அறிவிக்கப்பட்டது. அவ்வறிவித்தலில் கத்தரி, தக்காளி, வெண்டி முதலியன இடம்பெறவில்லை என்பதை மரக்கறிச் செய்கையாளர் கவனித்தல் வேண்டும். எனினும் பயிர்களின் பட்டியலும், தொகையும், எவ்வகைச் சேதத்துக்கு நட்டஈடு உண்டு என்பதும் காலத்துக்குக் காலம் மாறுவன. சென்ற போகத்தில் இருந்ததே இப்போகத்திலும் இருக்கும் என எண்ணுதல் தவறு. பயிர்ச்செய்கைக் கூட்டத்திலேயே இதனைக் கேட்டறிந்து, கமக்காரர் அமைப்பின் குறிப்பேட்டில் எழுதுவித்தல் நன்று. விதிகளைத் திட்டமாக அறிந்தவனை ஏமாற்றுதல் அரிது. மோசடிக்காரன் நாடி வருவது அறியாதவன் வீட்டையே.

பொய் முகவர்

மோசடிகளிற் பழையது இதுவாகும். நன்கு உடுத்த ஒருவர், கையில் அச்சிட்ட படிவங்களுடன், மோட்டார் சைக்கிளிற் கிராமத்துக்கு வருகின்றார். காப்புறுதிச் சபையிலிருந்தோ, பெயர்பெற்ற ஒரு கும்பனியிலிருந்தோ வந்ததாகக் கூறுகின்றார். கத்தரி, மிளகாய், பப்பாசி என எதனைச் செய்திருந்தாலும் காப்புறுதி உண்டு என்கின்றார். இன்றே பணம் கட்டினாற் கட்டுப்பணம் பாதி, நாளையாயின் முழுத்தொகை என அவசரப்படுத்துகின்றார். பற்றுச்சீட்டு எனக் கொடுப்பது கடையில் விற்கும் சாதாரணச் சீட்டுப் புத்தகத்தின் ஒரு தாளாகும். சேதம் நேர்ந்த பின்னரே அவரைத் தேடுகின்றனர். அப்போது அவருடைய தொலைபேசி இயங்குவதில்லை.

இதற்குப் பரிகாரம் எளிது. வந்தவரின் அடையாள அட்டையையும் நியமனக் கடிதத்தையும் கேட்டுப் பார்த்தல் வேண்டும். அவர் தரும் தொலைபேசி இலக்கத்தை நம்பி விசாரித்தல் பயனற்றது. அவ்விலக்கத்தில் மறுமொழி சொல்பவர் அவருடைய கூட்டாளியாகவே இருக்கலாம். கமநல சேவை நிலையத்துக்கு நேரிற் சென்றோ, காப்புறுதிச் சபையின் 1918 என்னும் இலக்கத்திலோ விசாரித்தல் வேண்டும். தனியார் கும்பனி எனின், அதன் கிளை அலுவலகத்தில் விசாரிக்கலாம். இலங்கையிற் காப்புறுதி வியாபாரம் செய்யும் கும்பனிகள் 2000 ஆம் ஆண்டின் 43 ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ்ப் பதிவு பெற்றிருத்தல் கட்டாயம். அவற்றை மேற்பார்வை செய்வது இலங்கைக் காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு. பதிவுபெற்ற கும்பனிகளின் பெயர்களை அவ்வாணைக்குழு வெளியிட்டு வருகின்றது.

பணம் கொடுக்கும்போது, இயலுமாயின் வங்கியில் கும்பனியின் பெயரிலுள்ள கணக்கிலேயே இடுதல் வேண்டும். முகவரின் சொந்தக் கணக்கில் இடும்படி கேட்டால் அவ்விடத்திலேயே மறுத்துவிடலாம். நேர்மையான முகவர் இதனால் வருந்தமாட்டார்.

உண்மை முகவரின் பொய் வாக்கு

கும்பனி உண்மையானது, முகவரும் உண்மையானவர், ஆயினும் சொன்ன சொல் பொய் என்ற நிலையும் உண்டு. ஆயுட்காப்புறுதி ஒன்றை, "வங்கியில் இடும் வைப்புப் போன்றது, வேண்டியபோது முழுப்பணத்தையும் எடுக்கலாம்" எனக் கூறி விற்பது இதற்கு உதாரணம். அறுவடைக் காசு கையிலுள்ள மாசி, பங்குனி மாதங்கள் இத்தகையோருக்கு உகந்த காலம். ஆயுட்காப்புறுதியில் முதல் ஆண்டுகளிற் கட்டுவதை நிறுத்தினால், கட்டிய பணத்தின் பெரும்பகுதி, சிலவேளை முழுவதும், திரும்பக் கிடையாது. போகத்துக்கொருமுறை மட்டும் வருமானம் காணும் கமக்காரன் மாதந்தோறும் கட்டுப்பணம் செலுத்த ஒப்புக்கொள்வதன்முன் நன்கு சிந்தித்தல் வேண்டும்.

மழைச் சுட்டெண் காப்புறுதி என ஒரு வகையும் உண்டு. இதில் வயலைப் பார்வையிட்டு நட்டஈடு தீர்மானிப்பதில்லை. குறித்த மழைமானி நிலையத்திற் பதிவாகும் மழையின் அளவே அதனைத் தீர்மானிக்கும். ஒருவருடைய பயிர் வாடியிருப்பினும், நிலையத்தில் போதிய மழை பதிவாகியிருந்தாற் பணம் கிடையாது. இது மோசடியன்று, அவ்வகைக் காப்புறுதியின் இயல்பு. ஆனால் இதனைச் சொல்லாது மறைத்து விற்பது ஏமாற்றே. "எந்த நிலையத்து மழைமானி? எத்தனை மில்லிமீற்றர்? எந்த மாதங்கள்?" என்னும் மூன்று வினாக்களையும் கேட்டு, விடைகளைப் பத்திரத்திலே பார்த்தல் வேண்டும்.

வாயாற் சொன்னது வழக்குக்கு உதவாது. பத்திரத்தில் எழுதியதே செல்லும். பத்திரம் விளங்காத மொழியிலிருந்தால், கையொப்பமிடுவதன்முன் தமிழில் அதன் பொருளைக் கேட்டறிதல் கமக்காரனின் உரிமை. வீட்டிற் படித்த பிள்ளை இருப்பின் வாசிக்கச் செய்யலாம். ஆயுட்காப்புறுதிப் பத்திரம் கிடைத்தபின் மனம் மாறினால், அதிற் குறிப்பிட்ட நாட்களுக்குள் எழுத்தில் அறிவித்து விலகும் வழியும் உண்டு. ஆகவே பத்திரத்தைப் பெட்டியில் வைத்துப் பூட்டுவதன்முன் ஒருமுறையேனும் வாசித்தல் வேண்டும்.

தொலைபேசியில் வரும் மோசடி

பசளை மானியமும் நட்டஈடும் கமக்காரனின் வங்கிக் கணக்கில் நேரடியாக இடப்படும் இக்காலத்தில், இம்மோசடி பெருகக் கூடியது. "உங்கள் பயிர் நட்டஈடு வந்துள்ளது, கணக்கில் இடுவதற்கு உங்கள் தொலைபேசிக்கு வரும் இலக்கத்தைச் சொல்லுங்கள்" என ஒருவர் மரியாதையாகப் பேசுகின்றார். பேசுபவர் கமக்காரனின் பெயரையும் ஊரையும் சரியாகச் சொல்லவுங்கூடும். அதனால் மட்டும் அவர் அலுவலர் ஆகிவிடார். பயனாளிகளின் பட்டியல்கள் அறிவித்தற் பலகைகளிலும் பிற இடங்களிலும் கிடைப்பனவே.

கணக்கு இலக்கம் வேறு, இரகசிய இலக்கம் வேறு. பணம் இடுவதற்கு வேண்டியது கணக்கு இலக்கமும் பெயரும் வங்கிக் கிளையுமே. வங்கி அட்டையின் இரகசிய இலக்கமும், ஓ.ரி.பி. என வழங்கும் ஒருமுறை இலக்கமும் பணத்தை எடுப்பதற்கு உரியவை. அவற்றைக் கேட்பவர் பணம் தர வந்தவரல்லர், எடுக்க வந்தவர். வயல் வாய்க்காலின் மதகுத் திறப்பை வழிப்போக்கனிடம் எவரும் கொடுப்பதில்லை, இவ்விலக்கங்களும் அத்தகையனவே. அன்றியும், "நட்டஈட்டை விடுவிக்க முதலிற் கட்டணம் செலுத்துக" என்று கேட்கப்பட்டால், அது மோசடி என்றே கொண்டு கமநல சேவை நிலையத்தில் விசாரித்தல் வேண்டும்.

தரகரும் வெற்றுப் படிவமும்

வெள்ளம் வடிந்தவுடன் சில தரகர் தோன்றுவர். "படிவம் நிரப்புதல் கடினம், கையொப்பம் மட்டும் போதும், மற்றதை நாம் பார்த்துக்கொள்வோம், கிடைப்பதிற் காற்பங்கு தந்தாற் போதும்" என்பர். துயரத்தில் இருப்பவனுக்கு இது உதவிபோலத் தோன்றும். வெற்றுப் படிவத்திற் கையொப்பமிடும் கமக்காரன் இரண்டு வகையில் அகப்படுகின்றான். ஒன்று, தனக்குரிய பணத்திற் காற்பங்கை வீணே இழக்கின்றான். மற்றையது, தரகர் 2 ஏக்கரை 5 ஏக்கர் என எழுதினாற் பொய்க் கூற்றுக்கு உரியவன் கையொப்பமிட்ட கமக்காரனே. இவ்வாறு வஞ்சித்துப் பணம் பெறுதல் தண்டனைச் சட்டக்கோவையின்படி குற்றமாகும். படிவம் நிரப்பத் தெரியாதவர் கமக்காரர் அமைப்பின் செயலாளரிடமோ, கமநல சேவை நிலைய அலுவலரிடமோ உதவி கேட்டல் வேண்டும்.

காணி இடாப்பும் குத்தகையும்

வன்னிக்கெனச் சிறப்பாக ஒரு சிக்கல் உண்டு. 2008, 2009 ஆம் ஆண்டுகளின் இடப்பெயர்வில் உறுதிகளையும் அனுமதிப்பத்திரங்களையும் இழந்த குடும்பங்கள் பல. காணிக்காரர் வெளிநாட்டிலோ வேறு மாவட்டத்திலோ வாழ, வயலைக் குத்தகைக்குச் செய்பவர்களும் பலர். இந்நிலையில் ஒரே வயலுக்குக் காணிக்காரரின் உறவினர் ஒருவரும், செய்கை பண்ணும் குத்தகைக்காரரும் நட்டஈடு கோர இடமுண்டு. சேற்றில் இறங்கி உழைத்தவன் வெறுங்கையுடன் நிற்க, வரம்பிற் கால் வைக்காதவர் பணம் பெறுதல் நேரலாம்.

இதனைத் தவிர்ப்பதற்கு, ஒவ்வொரு போகமும் விதைப்பதன்முன் குத்தகையை எழுத்தில் வைத்தல் வேண்டும். காணியின் பெயர், பரப்பு, போகம், குத்தகைத் தொகை, பயிர் அழிந்தால் நட்டஈடு எவருக்கு என்பன அதிற் காணப்படுதல் வேண்டும். பின்னர் கமநல சேவை நிலையத்தின் பதிவில் அப்போகத்திற் செய்கை பண்ணுபவர் எவர், எத்தனை ஏக்கர் என்பன சரியாக உள்ளனவா எனப் பார்த்தல் வேண்டும். பதிவிலுள்ள பிழையை விதைப்புக் காலத்தில் ஒரு நாளிலே திருத்தலாம். வெள்ளத்தின் பின்னர் திருத்த முற்பட்டால், அது சந்தேகத்துக்கே இடமளிக்கும்.

கமக்காரரே செய்யும் பிழை

மோசடி எப்போதும் வெளியிலிருந்து வருவதன்று. அமெரிக்காவின் வட கரோலைனா மாநிலத்திற் பெருமளவில் தக்காளி செய்த ஒருவர், ஆலங்கட்டி மழையாற் பயிர் அழிந்ததாகக் காட்ட விரும்பினார். வேலையாட்களைக் கொண்டு செடிகளைத் தடியால் அடிப்பித்து, பனிக்கட்டித் துண்டுகளைத் தோட்டத்தில் எறிவித்து, படம் பிடித்துச் சமர்ப்பித்தார். உண்மை வெளிப்பட்டு, 2005 ஆம் ஆண்டில் அவருக்குச் சிறைத்தண்டனையும், பல மில்லியன் டொலரைத் திருப்பிச் செலுத்தும் கட்டளையும் விதிக்கப்பட்டன.

இந்தியாவின் மகாராட்டிர மாநிலத்தில் நடந்தது இதனினும் பெரிய பாடம். அங்கு 2023 ஆம் ஆண்டுக் கரீப் போகத்திலிருந்து கமக்காரன் ஒரு ரூபா மட்டும் செலுத்தினாற் பயிர்க் காப்புறுதி கிடைத்தது. எஞ்சிய கட்டுப்பணத்தை அரசு ஏற்றது. விண்ணப்பங்கள் பெருகின. ஆராய்ந்தபோது, அரச காணிகளுக்கும், பிறருக்குரிய காணிகளுக்கும், பயிரே இல்லாத நிலங்களுக்கும் விண்ணப்பிக்கப்பட்டிருந்தமை தெரியவந்தது. விண்ணப்பம் ஒன்றுக்கு இவ்வளவு எனக் கூலி பெற்ற சேவை நிலையத்தார் சிலரும் இதற்கு உடந்தையாயினர். 2025 ஆம் ஆண்டில் அவ்வொரு ரூபாத் திட்டமே கைவிடப்பட்டது. பொய் கூறியவர் சிலர். சலுகையை இழந்தவர் மாநிலத்துக் கமக்காரர் அனைவரும்.

வன்னியிலும் "அரசின் பணந்தானே, ஓர் ஏக்கர் கூட்டி எழுதினால் என்ன?" என எண்ணுவோர் இதனைச் சிந்தித்தல் நலம். கூட்டி எழுதிய ஏக்கர் அயலவனின் பங்கைக் குறைக்கின்றது. அன்றியும், பொய்கள் மிகுந்த பிரிவில் மதிப்பீட்டாளர் உண்மைச் சேதத்தையும் ஐயுறுவர், நட்டஈடு தாமதமாகும்.

சேதம் நேர்ந்தாற் செய்ய வேண்டியன

முதலாவது, காலந்தாழ்த்தாது அறிவித்தல் வேண்டும். வெள்ளம் எனின் நீர் நிற்கும்போதே, யானை எனின் அடிச்சுவடு அழியுமுன்னரே, கமநல சேவை நிலையத்துக்கும் காப்புறுதிச் சபைக்கும் அறிவித்து, அறிவித்த திகதியையும் ஏற்றவர் பெயரையும் குறித்துக்கொள்ளல் வேண்டும். இரண்டாவது, கைத்தொலைபேசியிற் படம் எடுத்து வைத்தல் வேண்டும். பயிர் மட்டுமன்றி, வயலை அடையாளம் காட்டும் மரம், வாய்க்கால், மதகு, மின்கம்பம் ஆகியவற்றுள் ஏதேனும் படத்தில் அமைதல் நன்று. மூன்றாவது, அலுவலர் பார்வையிடுமுன் வயலை உழுதுவிடலாகாது. மறுபடி விதைக்கும் அவசரத்தில் உழுதுவிட்டாற் சேதத்துக்குச் சான்று இல்லாமற் போகும். காத்திருக்க இயலாதவிடத்து, அலுவலரின் அனுமதியைக் கேட்டு, ஒரு பகுதியைப் பயிருடன் விட்டுவைக்கலாம். நான்காவது, மதிப்பீட்டு அறிக்கையிற் பரப்பும் சேத அளவும் எவ்வாறு எழுதப்பட்டுள்ளன எனப் பார்த்த பின்னரே கையொப்பமிடல் வேண்டும். உடன்பாடு இல்லையெனின், அதனை எழுத்தில் மேலதிகாரிக்கு அறிவிக்கலாம்.

ஏமாற்றப்பட்டவர் செய்ய வேண்டியன

வங்கி இரகசிய இலக்கம் வெளிப்பட்டிருப்பின், அக்கணமே வங்கிக்கு அறிவித்துக் கணக்கை நிறுத்துவித்தல் முதற்கடமை. அடுத்துப் பொலிசில் முறையிட்டு, முறைப்பாட்டின் பிரதியைப் பெறல் வேண்டும். காப்புறுதிக் கும்பனி ஒன்றின்மீது குறையிருப்பின், முதலில் அக்கும்பனிக்கு எழுத்தில் முறையிடல் வேண்டும். தீர்வு கிட்டாதவிடத்து, காப்புறுதிக் குறைகேள் அதிகாரியிடமோ, காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவிடமோ செல்லலாம். குறைகேள் அதிகாரியிடம் முறையிடுவதற்குக் கட்டணம் இல்லை.

ஏமாந்ததை வெட்கத்தினால் மறைத்தல் கூடாது. ஒருவர் மறைத்தால், அதே மோசடிக்காரன் மறுநாள் அடுத்த கிராமத்துக்குச் செல்வான். கமக்காரர் அமைப்பின் கூட்டத்தில் அதனை எடுத்துச் சொல்பவர் அயலவர் பலரின் பணத்தைக் காத்தவராவார்.

நினைவிற் கொள்க

1. பணம் கொடுப்பதன்முன் ஆளை விசாரிக்கவும்; விசாரணையைக் கமநல சேவை நிலையத்திற் செய்யவும்.
2. பற்றுச்சீட்டு இன்றிப் பணமும், வாசிப்பு இன்றிக் கையொப்பமும் கொடுக்கலாகாது.
3. வெற்றுப் படிவத்தில் ஒருபோதும் கையொப்பமிடலாகாது.
4. இரகசிய இலக்கங்களை எவருக்கும் சொல்லலாகாது.
5. குத்தகையை எழுத்தில் வைத்து, பதிவை விதைப்பின்போதே சரிபார்க்கவும்.
6. செய்த ஏக்கரை உள்ளபடி கூறவும்.
7. பத்திரம், பற்றுச்சீட்டு, குத்தகைக் கடிதம் ஆகியவற்றின் பிரதிகளை நீர் புகாத உறையிலிட்டு, வீட்டில் உயரமான இடத்தில் வைக்கவும். வெள்ளம் வயலை மட்டும் தேடி வருவதில்லை.

வரம்பு உறுதியாக இருந்தால் வயலில் நீர் நிற்கும். வரம்பில் நண்டு வளை ஒன்று போதும், இரவோடிரவாக நீரெல்லாம் வெளியேறிவிட. காலையும் மாலையும் வரம்பைச் சுற்றிப் பார்க்கும் அதே கண்ணோடு காப்புறுதிப் பத்திரத்தையும் பார்க்கும் கமக்காரன், கெட்ட போகத்திலும் மறுபோகத்துக்கு வேண்டிய விதைநெல்லுக்கு வழி காண்பான்.